சாஃப்ட்வேரை நிறுத்திவிட்டு வெள்ளைப் பலகை வைத்தோம். உங்கள் வேலையிடத்தில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை?

லேத்துப்பட்டறை (கோவை):

வணக்கம். கோவை கணபதி பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன், அதாவது மற்ற கம்பெனிகள் அனுப்பும் சரக்கைக் கடைந்து கொடுக்கும் வேலை. கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் சிஎன்சி லேத் மூன்று, விஎம்சி மில்லிங் மெஷின் ஒன்று, பழைய லேத் இரண்டு. என்னையும் சேர்த்து 14 பேர். பம்ப் ஷாஃப்ட், புஷ், வால்வு உதிரிகள் என்று வேலை ஓடுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் உற்பத்தியைக் கண்காணிக்க ஒரு சாஃப்ட்வேர் வாங்கினோம். எந்த மெஷினில் எந்த வேலை, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்ட், எல்லாம் அதில் பதிய வேண்டும். கம்ப்யூட்டர் என் அறையில் இருந்தது. ஆபரேட்டர் மெஷினை விட்டு, கையில் இருக்கும் கூலன்ட்டைத் துடைத்துக்கொண்டு, நடந்து வந்து பதிய வேண்டும். முதல் மாதம் செய்தார்கள். மூன்றாவது மாதம் பார்த்தால், சாயந்திரம் ஒரு பையன் எல்லாரிடமும் கேட்டு, அவரவர் ஞாபகத்தில் இருந்ததை மொத்தமாக நிரப்பிக்கொண்டிருந்தான். அந்த எண்களை நம்பித்தான் நான் டெலிவரி தேதி சொல்லிக்கொண்டிருந்தேன்.

உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருந்தது. சனிக்கிழமை ராத்திரி இன்செர்ட் (உலோகத்தை வெட்டும் டூலின் மாற்று முனை) தீர்ந்துபோகும். அளவு பார்க்கும் கேஜ் எந்த மெஷினில் இருக்கிறது என்று தேடுவோம். அடுத்த வேலை எது என்பதை, போனில் யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவர்தான் முடிவு செய்வார். பாதி ஓடிய வேலையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவோம்.

இப்போது மூன்று மாற்றங்கள் செய்து எட்டு மாதம் ஆகிறது.

மெஷின்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு மெஷினுக்கும் மூன்று இடம்தான்: ஓடுவது, அடுத்தது, அதற்கடுத்தது. ஜாப் கார்டைக் காந்தத்தில் மாட்டுகிறோம். நான்காவது கார்டுக்கு இடம் கிடையாது. அவசர வேலை வந்தால் நானே போய் ஒரு கார்டை எடுத்துவிட்டுத்தான் அதை மாட்ட வேண்டும். எல்லாரும் பார்க்க அதைச் செய்வதால், உண்மையிலேயே அவசரமா என்று இரண்டு முறை யோசிக்கிறேன்.

இரண்டாவது, இன்செர்ட்டுக்கு இரண்டு டப்பா. முன் டப்பா தீர்ந்ததும் காலி டப்பாவை ஸ்டோர் தட்டில் வைத்துவிட்டு, பின் டப்பாவை முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். காலி டப்பாதான் ஆர்டர். அதிகம் ஓடும் வகையில் ஒரு நாளைக்கு ஐந்து இன்செர்ட் வரை போகிறது. டீலரிடமிருந்து வர இரண்டு நாள், நடுவில் ஞாயிறு வந்தால் மூன்று நாள். அதற்கு 15 போதும், நாங்கள் 20 வைக்கிறோம். எட்டு மாதத்தில் ஒரு முறைகூட இன்செர்ட் இல்லாமல் மெஷின் நிற்கவில்லை.

மூன்றாவது, செட்டிங் டிராலி. ஓடுகிற வேலை முடிவதற்கு முன்பே அடுத்த வேலையின் டிராயிங், டூல், கேஜ், பீஸைப் பிடிக்கும் ஜா எல்லாம் டிராலியில் வந்து நிற்க வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் ஷிகெயோ ஷிங்கோ இதைத்தான் செய்தார். மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே செய்துவைக்கக்கூடியது எது என்று முதலில் பிரித்தார். 1969-இல் டொயோட்டாவின் 1000 டன் பிரஸ்ஸில் டை (அச்சு) மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. அது முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், அப்புறம் மூன்று நிமிடமாகவும் குறைந்தது. எங்களுக்கு அந்த அளவெல்லாம் இல்லை. சாஃப்ட் ஜாவை மெஷினில் மாட்டித்தான் பீஸின் அளவுக்குக் குடைய, அதாவது போர் அடிக்க வேண்டும், அதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வரும் வேலைகளுக்கு, போர் அடித்த ஜா செட்டைக் கழற்றி எண் குத்தி அலமாரியில் வைத்துவிடுகிறோம். ஒன்றரை மணி நேரம் ஆன செட்டிங் இப்போது முக்கால் மணி நேரத்தில் முடிகிறது.

உங்கள் இடங்களில் இப்படி எது நிலைத்தது? எனக்கு இருக்கும் பயம் ஒன்றுதான். இந்தப் பலகையும் அந்த சாஃப்ட்வேர் மாதிரி ஒரு நாள் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுமோ?

—

ஓவர்லாக் (திருப்பூர்):

அண்ணா, நான் பனியன் கம்பெனியில் தையல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் மூன்று கார்டு விதிக்கு எங்களிடம் இருக்கும் இணை, பண்டல் அளவு.

முன்பெல்லாம் 30 பீஸ் ஒரு கட்டு. கட்டைப் பிரித்துக் கட்டும் நேரம் மிச்சம் என்று சூப்பர்வைசர்கள் பெரிய கட்டைத்தான் விரும்பினார்கள். ஆனால் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் துணி குவிந்து கிடக்கும். தோள்பட்டை தைப்பதில் ஒரு தவறு நடந்தால் அது செக்கிங் மேசைக்கு வந்து சேரும்போது மறுநாள் ஆகிவிடும். அதற்குள் அதே தவறோடு நூற்றுக்கணக்கில் தைத்திருப்பார்கள்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்தது. தையல் லைனுக்குள் கிடக்கும் பீஸ்களை, மணிக்கு வெளியே வரும் பீஸ்களால் வகுத்தால், ஒரு பீஸ் உள்ளே எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று வரும். எங்கள் லைனில் 600 பீஸ் கிடந்தது, மணிக்கு 60 வெளியே வந்தது. அதாவது பத்து மணி நேரம். கட்டை 10 பீஸாகக் குறைத்து, லைனுக்குள் 200-க்கு மேல் விடுவதில்லை என்று வைத்தோம். இப்போது மூன்று மணி நேரம் இருபது நிமிடம். யாரும் வேகமாகத் தைக்கவில்லை. காத்துக் கிடந்த துணிதான் குறைந்தது. தவறு அன்றைக்கே தெரிகிறது, தைத்தவருக்கும் எப்படி நடந்தது என்று ஞாபகம் இருக்கிறது.

நிலைக்காதது எது என்று கேட்டீர்கள். டிராஃபிக் லைட் கார்டு. செக்கர் வந்து ஏழெட்டு பீஸ் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை, தவறு இருந்தால் சிவப்பு என்று ஒவ்வொரு டெய்லர் தலைக்கு மேலும் அட்டை மாட்டுவார். சிவப்பு விழுந்த பெண்ணை மற்றவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைத் தாங்க முடியாமல் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அப்புறம் செக்கர்களும் பாவம் பார்த்துப் பச்சையே மாட்ட ஆரம்பித்தார்கள். உங்கள் பலகை பொய் சொல்வதும் இப்படித்தான் தொடங்கும் என்று நினைக்கிறேன். உண்மையை எழுதினால் அடி விழும் என்றால் யாரும் எழுத மாட்டார்கள்.

நீங்கள் சொன்ன அதே ஷிங்கோ 1961-இல் ஒரு சுவிட்ச் கம்பெனியில் செய்ததைப் படித்திருக்கிறேன். சுவிட்ச்சுக்குள் இரண்டு சின்ன ஸ்பிரிங் வைக்க வேண்டும். சில சமயம் ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். எவ்வளவு சொல்லியும் தவறு தீரவில்லை. அவர் ஒரு சின்னத் தட்டு கொடுத்து, முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் வை, பிறகு மாட்டு என்றார். மாட்டி முடித்தபின் தட்டில் ஒன்று மிச்சம் இருந்தால் மறந்தது தெரிந்துவிடும். இந்த முறைக்கு முதலில் அவர் வைத்த பெயரில் ‘முட்டாள்’ என்று பொருள்படும் ஜப்பானியச் சொல் இருந்தது. 1963-இல் ஒரு தொழிற்சாலையில், நான் அவ்வளவு முட்டாளா என்று ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட்டார். அதற்குப் பிறகு பெயரை ‘போக்கா யோக்கே’ என்று மாற்றினார். கவனம் பிசகுவதைத் தடுப்பது என்று பொருள்.

இப்போது எங்கள் அட்டை ஆளின் தலைக்கு மேல் இல்லை, மெஷினில் தொங்குகிறது. பின்புறம் என்ன தவறு என்று எழுத இடம் விட்டிருக்கிறோம். ஊசி மழுங்கியிருக்கலாம், கைடு நகர்ந்திருக்கலாம். முதலில் அதைப் பார்த்த பிறகுதான் ஆளிடம் பேசுவோம்.

—

நிரல்வேலை (சென்னை):

நான் சோழிங்கநல்லூரில் ஐடி வேலை பார்க்கிறேன். எங்களிடம் துணி குவியாது, ஆனால் பாதி முடிந்த வேலைகள் குவியும். கண்ணுக்குத் தெரியாததால் யாருக்கும் உறைப்பதில்லை. ஆளுக்கு ஏழெட்டு டிக்கெட் (ஒவ்வொரு வேலைக்கும் கம்ப்யூட்டரில் போடும் பதிவு) ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று இருந்தது. இப்போது ஆளுக்கு இரண்டுதான். மூன்றாவதை எடுக்க வேண்டுமென்றால், முதலில் யாரோ ஒருவருடைய நின்றுபோன வேலைக்கு உதவ வேண்டும்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய பலன் தந்தது காலை மீட்டிங்கை மாற்றியதுதான். பதினைந்து நிமிடம் என்று தொடங்கியது, பத்துப் பேர் ஆளாளுக்கு நேற்று என்ன செய்தேன் என்று ஒப்பித்து ஐம்பது நிமிடம் ஆகிவிடும். இப்போது 10.30-க்குள் இரண்டு வரி எழுதிவிட வேண்டும். ‘நிற்கிறது’ என்று எழுதியவர்களும் உதவக்கூடியவர்களும் மட்டும் பேசுவார்கள். பல நாள் எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மைக்ரோசாஃப்டின் ஜப்பான் கிளை 2019 ஆகஸ்டில் வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கிப் பார்த்தது. கூடவே மீட்டிங்கை அரை மணி நேரத்துக்குள் முடிக்கச் சொன்னது. ஒரு ஊழியருக்கான விற்பனை முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடியதாக அறிவித்தார்கள். ஒரே ஒரு மாதக் கணக்கு என்பதால் இதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆனால் செய்திகளில் எல்லாரும் விடுமுறையைப் பற்றியே எழுதினார்கள். மீட்டிங் குறைந்ததற்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

—

தன்பதிவேடு (தஞ்சாவூர்):

நான் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர். வருவாய்த்துறையில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தேன். தம்பிகள் இதையெல்லாம் புதிதாகச் செய்வதைப் பார்க்க மகிழ்ச்சி.

அரசு அலுவலகத்தில் ஒவ்வோர் உதவியாளருக்கும் தன்பதிவேடு என்று ஒன்று உண்டு. தபால் வந்ததும் பகிர்மானப் பதிவேட்டில் எண் போட்டு இருக்கைக்கு வரும். உதவியாளர் அதைத் தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எந்தத் தேதியில் வந்தது, யாருக்கு எழுதினோம், எப்போது நினைவூட்டினோம், எப்படி முடிந்தது என்பதெல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். முடியாத கோப்பின் வரி திறந்தே கிடக்கும். பக்கத்தைப் புரட்டினாலே எது தூங்குகிறது என்று தெரிந்துவிடும். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடுதான், ஆனால் அதைவிட எளிய முறையை நான் பார்த்ததில்லை.

தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இது. பதிவேட்டைக் கண்காணிப்பாளர் முறையாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் வாரம் தவறாமல் பார்க்கும் கண்காணிப்பாளர் இருந்தார். அவர் திட்ட மாட்டார். திறந்திருக்கும் வரியில் விரலை வைத்து, "இதுக்கு என்னப்பா தடை?" என்று கேட்பார். நாம் சொன்னதும் பாதித் தடையை அவரே போன் போட்டு நீக்கிவிடுவார். அவர் மாறுதலில் போனபின் வந்தவர் மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டார். மூன்றே மாதத்தில் தன்பதிவேடு இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தைய நாள் எழுதும் நோட்டாகிவிட்டது. பதிவேடு அதேதான், எழுதியவர்களும் நாங்களேதான்.

பலகைக்கு முன்னால் தினமும் நீங்கள் நிற்கிறீர்களா? நின்று என்ன கேட்கிறீர்கள்?

—

லேத்துப்பட்டறை (கோவை):

ஐயா, காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது நிற்கிறேன். ஆனால் நான் கேட்பது "இது எப்ப முடியும்?" என்றுதான். உங்கள் பதிலைப் படித்த பிறகு அது தவறான கேள்வி என்று புரிகிறது. நாளை முதல் மாற்றிக்கொள்கிறேன்.

—

தியேட்டர் நர்ஸ் (மதுரை):

ஐயா சொன்னது அப்படியே மருத்துவமனைக்கும் பொருந்தும்.

அறுவைசிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சம் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. மூன்று இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும்: மயக்கம் கொடுக்கும் முன், தோலில் கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன். சரியான நோயாளிதானா, சரியான பக்கம்தானா, ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா, பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா என்பது போன்ற எளிய கேள்விகள். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள். அமெரிக்க சர்ஜன் அதுல் கவாண்டே குழுவின் முடிவு 2009 ஜனவரியில் வந்தது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. ஒரு தாள்தான்!

ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதே பட்டியலைக் கட்டாயமாக்கியபின் 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்தார்கள். 2014-இல் வந்த அந்த முடிவில், சொல்லிக்கொள்ளும்படி இறப்பும் குறையவில்லை, சிக்கலும் குறையவில்லை. பட்டியலைப் பயன்படுத்தியதாக எல்லா இடத்திலும் பதிவு மட்டும் இருந்தது. ஏன் அப்படி ஆனது என்று இன்னும் வாதம் நடக்கிறது. என் அனுபவத்தில் எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், அன்றைய கேஸ்கள் எல்லாவற்றுக்கும் காலை ஏழரை மணிக்கே டிக் போட்டு அடுக்கிவிடுவோம். நோயாளி வார்டிலிருந்து கிளம்பியே இருக்க மாட்டார். நானும் போட்டிருக்கிறேன். இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது இருக்கும் இடத்தில் ஒரே ஒரு பழக்கத்தைச் சேர்த்தோம். கத்தி இருக்கும் தட்டின் மேல் பச்சைத் துணி மூடியிருக்கும். இரண்டாவது நிறுத்தத்தில் பெயர், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று சர்ஜன், மயக்க டாக்டர், நர்ஸ் மூன்று பேரும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நான் துணியை எடுப்பேன். டாக்டர் கையை நீட்டினாலும் எடுக்க மாட்டேன். எங்கள் சீனியர் சர்ஜனே அந்த உரிமையை எங்களுக்குக் கொடுத்தார், அதனால்தான் முடிகிறது. தாளில் டிக் போடுவதை முன்கூட்டியே செய்துவிடலாம். துணியை முன்கூட்டியே எடுத்தால் எல்லார் கண்ணிலும் படும்.

லேத்து அண்ணாவின் டிராலியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனைதான். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கைகளோடு ஆயிரக்கணக்கில் கண் ஆபரேஷன் செய்தவர் அவர். அங்கே ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளியைத் தயார்செய்து, கருவிகளை அடுக்கி வைத்துவிடுவார்கள். முதலாவது முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். இந்தத் தயாரிப்பு வேலைகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். அங்கே ஒரு சர்ஜன் வருடத்துக்கு 2000 ஆபரேஷன் வரை செய்ய முடிவது இதனால்தான். அவசரப்பட்டுச் செய்வதால் அல்ல.

—

ஐந்தொகை (ஈரோடு):

நான் கணக்கு எழுதுபவன். எல்லாரும் பலகையைப் புகழ்வதால் ஒரு எச்சரிக்கை சொல்கிறேன். பலகைக்கு ஞாபகம் கிடையாது. துடைத்தால் போயிற்று.

ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் உரிமையாளருக்குத் திரும்ப வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு சொல்கிறது. திரும்பாவிட்டால், அனுப்பிய தேதியிலேயே அவர் அதை விற்றதாகக் கணக்காகும். உங்களிடம் வந்த 500 கம்பியில் 480 ஷாஃப்டாகப் போயிற்று, மீதி 20 எங்கே என்று அவர் ஆடிட்டர் கேட்டால் பலகையைக் காட்ட முடியாது. வாகன உதிரி செய்தால் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த உலோகம் என்று காட்டும் எண்) வரை கேட்பார்கள். சாஃப்ட்வேரை முழுக்கத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

—

லேத்துப்பட்டறை (கோவை):

நியாயமான கேள்வி சார். பில்லும் டெலிவரி சலானும் கம்ப்யூட்டரில்தான். உற்பத்திப் பதிவை மட்டும்தான் நிறுத்தினோம். ஜாப் கார்டில் சலான் எண்ணும் ஹீட் நம்பரும் சரக்கு வரும்போதே எழுதப்படும். ஓகே, ரிஜெக்ட், மீதித் துண்டு மூன்றையும் ஆபரேட்டர் கார்டிலேயே எழுதிவிடுவார். சரக்கு வெளியே போகும்போது ஒரே ஒரு முறை கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். கார்டுகளைச் சலான் எண் வரிசையில் கோத்து வைக்கிறோம். முன்பு ஒரே எண்ணை மூன்று இடத்தில் எழுதினோம், மூன்றும் மூன்று மாதிரி இருக்கும்.

—

ஐந்தொகை (ஈரோடு):

அப்படியென்றால் சரி. கார்டில் பென்சில் வேண்டாம், பேனா.

—

இரவு ஷிஃப்ட் (ஒசூர்):

பத்து வருடமாக சிஎன்சி செட்டர். முழுதும் படித்தேன். எழுதியவர்களில் பெரும்பாலானோர் நடத்துபவர்கள், மேற்பார்வை பார்ப்பவர்கள். மெஷினுக்கு முன்னால் நிற்பவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

முன்பு நான் இருந்த கம்பெனியில் ஆலோசனைப் பெட்டி வைத்திருந்தார்கள். ஒரு வேலையில் டூல் வரிசையை மாற்றினால், டூல்கள் மாட்டியிருக்கும் டரட் சுற்றும் நேரம் மிச்சமாகும் என்று எழுதிப் போட்டேன். பீஸுக்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் மிச்சமானது. எனக்கு ஒரு டிபன் கேரியரும் கைதட்டலும் கிடைத்தது. அடுத்த மாதம் ஷிஃப்டுக்கு 60 பீஸ் என்று இருந்த டார்கெட்டை 75 ஆக்கினார்கள். இன்சென்டிவ் வாங்கிக்கொண்டிருந்த மூன்று பேருக்கு அது நின்றது. கூட வேலை செய்தவர்கள் என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் யாரும் எதுவும் போடவில்லை. எனக்குத் தெரிந்து இன்னும் நான்கு வழி இருந்தது. நானும் சொல்லவில்லை.

லேத்துப்பட்டறை அண்ணா, செட்டிங் ஒன்றரை மணியிலிருந்து முக்கால் மணி ஆயிற்று என்றீர்கள். அந்த முக்கால் மணி நேரம் யாருக்குப் போனது? குற்றம் சொல்லக் கேட்கவில்லை. பலகை எத்தனை நாள் உண்மை சொல்லும் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதில் இருக்கிறது.

—

விசைத்தறி (சோமனூர்):

ஒசூர் தம்பி சொன்னதைப் படித்தபின் சும்மா போக மனம் வரவில்லை. டொயோட்டாவின் கதையே தறியில்தான் தொடங்குகிறது. சாகிச்சி டொயோடா 1924-இல் செய்த ஜி ரகத் தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தாலும் தறி தானாக நின்றுவிடும். 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனியே அதன் உரிமையை வாங்கியது. எங்கள் சாதாரணத் தறியில் ஊடை தீர்ந்தால்தான் தானாக நிற்கும். பாவு அறுந்தால் நாம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து நிறுத்த வேண்டும். பார்க்கத் தவறினால் துணியில் கோடு விழும், கூலியில் பிடிப்பார்கள்.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோவும் கார் கம்பெனிக்கு வரும் முன் 1932-இல் அவர்களுடைய நூற்பு நெசவு ஆலையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். தறி தானாக நிற்பதைப் பார்த்தவர் பிறகு கார் லைனில், தவறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்று வைத்தார். நிறுத்தியவனைத் திட்டினால் அந்தக் கயிறு சும்மா தொங்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தறி தானே நின்றதால் ஓர் ஆள் நிறையத் தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அது கண்ணுக்கு ஓய்வாக வந்ததா, கூடுதல் தறியாக வந்ததா என்பது அந்தந்த முதலாளி கையில் இருந்தது. தம்பி கேட்பதும் அதையேதான்.

—

லேத்துப்பட்டறை (கோவை):

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒசூர் தம்பியின் கேள்விக்கு உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. உண்மையான பதில், அந்த முக்கால் மணி நேரம் எனக்குத்தான் போனது. கூடுதல் வேலை எடுத்தேன், பில் கூடியது. செட்டர்கள் இரண்டு பேருக்கும் தீபாவளி போனஸோடு சரி.

சனிக்கிழமை சம்பளம் கொடுத்தபின் எல்லாரோடும் உட்கார்ந்தேன். தம்பி எழுதியதைப் போனிலிருந்து அப்படியே வாசித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மூத்த செட்டர் சொன்னார்: "ஜா போரிங்குல இன்னும் பத்து நிமிஷம் குறைக்கலாங்க. போன வருசமே தெரியும்."

இப்போது இரண்டு விஷயம் முடிவாகியிருக்கிறது. திரும்ப வரும் வேலைகளில் யார் வழி சொல்லி நேரம் குறைந்தாலும், ஒரு வருடத்துக்கு இன்சென்டிவ் கணக்குப் பழைய நேரத்திலேயே இருக்கும். எழுதிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இரண்டாவது, இரண்டு செட்டர்களுக்கும் இந்த மாதத்திலிருந்து சம்பளம் ஏற்றியிருக்கிறேன்.

தஞ்சாவூர் ஐயா சொன்னபடி பலகையில் ‘எது நிறுத்துகிறது’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். ஆள் பெயர் எழுதக் கூடாது, காரணம் மட்டும். முதல் வாரம் 11 குறிப்பு விழுந்தது. அதில் ஆறு ஒரே காரணம்: 25 மில்லி போர் கேஜ் ஒன்றுதான் இருக்கிறது, மூன்று லேத்தும் அதற்குக் காத்து நிற்கின்றன. இந்தப் பட்டறையில் தினமும் நடந்து வருகிறேன், எனக்கு இது தெரியவே இல்லை. அந்த சாஃப்ட்வேரிலும் அதெல்லாம் ‘மெஷின் சும்மா’ என்றுதான் பதிவாகியிருந்தது. இன்னொரு கேஜ் வாங்கிவிட்டேன். இரண்டாவது வாரம் ஏழு குறிப்பு, அதில் நான்கு கம்ப்ரஸர் காற்று இறங்குவது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து பைப் லைனைப் பார்க்கிறார்.

—

இரவு ஷிஃப்ட் (ஒசூர்):

நன்றி அண்ணா. ஜா போரிங்குக்கு ஒன்று சொல்கிறேன். கழற்றிய ஜாவில் எண் குத்துவதோடு, எந்த ஜா சக்கின் (ஜாக்களைத் தாங்கும் தலை) எந்த ஸ்லாட்டில் இருந்தது, செரேஷனில் எத்தனையாவது பல் என்பதையும் குத்திவையுங்கள். அதே இடத்தில் மாட்டினால் மறுபடி போர் அடிக்கும்போது லேசாக ஒரு பாஸ் போதும். மூத்த செட்டர் சொல்லும் பத்து நிமிடம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

—

லேத்துப்பட்டறை (கோவை):

கேட்டேன். அதேதானாம். நம்பர் பஞ்சு எடுத்துக்கொண்டு இப்போது அலமாரி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மொத்தம் 31 செட் இருக்கிறது.